அதுவரைக்கும் மாத்தாத

பாகூர் கடைத்தெருவில் குழந்தைவேலின் ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டால், எதிர்க்கடைக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். நிதானமாகக் குடிப்பவர் என்றால் இரண்டு.

திரையில் முதலில் முருகன் தெரிவார். அதற்கப்புறம், முருகன் மனசு வைத்தால், மற்றதெல்லாம் தெரியும்.

“பதினஞ்சு வருஷமா அதே விண்டோஸ். போட்ட கம்பெனியே கைகழுவிட்டான். எப்பண்ணே மாத்தப் போறீங்க?” என்றான் புகழ்வேந்தன். வில்லியனூரிலிருந்து பைக்கில் வந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவன்.

“எனக்கு அம்பத்தாறு ஆவுது. வூட்ல என்னையே இன்னும் மாத்தல. இதுக்கு இன்னாடா அவசரம்?”

அவசரம் இருக்கத்தான் செய்தது. அரசாங்க இணையதளங்கள் ஒவ்வொன்றாக அந்தக் கம்ப்யூட்டரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டன. ஐப்பசி பிறந்ததும் மாற்றிவிடுவது என்று குழந்தைவேல் ஒருவழியாக முடிவு செய்தார்.

அந்த வாரம்தான் சிமெண்ட் கடை மணவாளன் வந்தார். ஷட்டரைப் பாதி இறக்கச் சொல்லிவிட்டு, பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தாளை உருவினார். பழுப்பேறிய வெற்றுத்தாள். அடியில் அவருடைய அப்பாவின் கையெழுத்து, அதற்கும் கீழே வேறு இரண்டு பேரின் கையெழுத்து.

“எப்பவோ ஒரு கடனுக்கு அப்பாவும் ஜாமீன்காரங்களும் வெறும் தாள்ல போட்டுக் குடுத்தது. கடன் தீந்துடுச்சி, தாளு பொட்டியிலியே கெடந்திச்சி. மூணு பேருமே இப்ப இல்ல. மேல காலியா இருக்கு பாரு, அதுல உயில் அடிக்கணும். ஜாமீன்காரங்கதான் சாட்சி. 2010 தை மாசம்னு போடு. ஏரிக்கு அண்டையில இருக்கற ஒரு காணி நெலமும் எனக்கு.”

அந்த ஒரு காணியில் இன்று வரை நட்டு அறுப்பவள் மணவாளனின் தங்கை செல்வகுமாரி. புருஷனை இழந்தவள். அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவளும் அவள்தான். அந்த நிலம் போனால் அவளுக்கு வேறு ஒன்றும் இல்லை.

“தங்கச்சி பாவம் இல்லீங்களாண்ணே?”

“நீ அடிக்கிற வேலையப் பாரு. உங்கிட்ட ஏன் வந்தேன் தெரியுமா? 2010ல வாங்குன கம்ப்யூட்டர் பொட்டிய இன்னும் வச்சிக்கினு இருக்கறவன் இந்த ஊர்லியே நீதான். புதுசுல அடிச்சி, எவனாவது நோண்டுனா மாட்டிக்குவேன். வேலை முடியட்டும், புது கம்ப்யூட்டரு நானே வாங்கித் தரேன். பெரிய ஸ்கிரீனு. அதுவரைக்கும் இத மாத்தாத. வெள்ளிக்கிழம வரேன்.”

இருப்பது ஒரே தாள், அடித்தது அடித்ததுதான் என்பதால், அதை மறுபடி உறையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் செல்வகுமாரி வந்தாள், பட்டா நகல் எடுக்க. காலில் சேறு காயவில்லை.

“இன்னாண்ணே, உம் பொட்டி இன்னும் தூங்குதா? நான் போயி நாலு முடி நாத்து நட்டுட்டு வந்துடட்டா?”

குழந்தைவேல் தலை நிமிராமல் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் நகலை வாங்கிக்கொண்டு, வரப்பிலிருந்து பறித்து வந்த கீரையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

புதன்கிழமை புகழ்வேந்தன் போன் செய்தான். “ஐப்பசி பொறந்துடுச்சிண்ணே. வரட்டுமா?”

குழந்தைவேல் அந்தப் பெரிய ஸ்கிரீனை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தார். “இரு, சொல்றேன்” என்று வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மணவாளன் வந்தார். ஷட்டர் பாதி இறங்கியது. டீ சொன்னார். திரையில் அதே முருகன். மணவாளனும் ஒரு கும்பிடு போட்டுக்கொண்டார். உயிலின் வாசகத்தைக் குழந்தைவேல் முன்னமே அடித்து வைத்திருந்தார். மணவாளன் திரையில் மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டுத் தாளை நீட்டினார்.

டீ வருவதற்குள் உயில் வெளியே வந்துவிட்டது.

“பரவால்லியே! உன் ஓட்டப் பொட்டியில எழுத்து இவ்ளோ அழகா வருதே!”

“டோனர் புதுசுண்ணே.”

மணவாளன் வழக்குப் போட்டார். தாள் பழையது. கையெழுத்து அசல். சாட்சிகளோ சம்மன் போய்ச் சேர முடியாத இடத்தில் இருந்தார்கள். கோர்ட் வராந்தாவில் செல்வகுமாரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அவளுடைய வக்கீல் நிபுணரின் அறிக்கை ஒன்றை மட்டும் நீட்டினார். “உயில் அச்சான இந்தத் தமிழ் எழுத்துவடிவம் 2012இல் வெளியான விண்டோஸோடுதான் முதன்முதலில் உலகத்துக்கே வந்தது. 2010இல் இதில் உயில் எழுதி வைத்தவர் பெரிய தீர்க்கதரிசியாகத்தான் இருக்க வேண்டும்.”

கோர்ட் சிரித்தது. உயில் செல்லாது என்றானது. நிலம் செல்வகுமாரியிடமே நின்றது.

மணவாளன் நேராகக் கடைக்கு வந்தார். இந்த முறை ஷட்டரை இறக்கச் சொல்லவில்லை.

“பதினஞ்சு வருஷப் பொட்டியில அந்த எழுத்து எங்கேருந்துடா வந்திச்சி?”

குழந்தைவேல் ஸ்விட்சைத் தட்டினார். முருகன் வந்தார். கண்ணை மூடித் திறப்பதற்குள் மற்றதெல்லாம் கூடவே வந்தது.

“நீங்க உயில் அடிக்க வர்றதுக்கு முந்தின நாளு மத்தியானம் பொட்டிக்குள்ள எல்லாத்தையும் புது விண்டோஸா மாத்திட்டேண்ணே, முருகன மட்டும் அப்படியே வச்சிக்கினேன்,” என்றார் குழந்தைவேல் பணிவாக. “நான் ஏமாத்திட்டேன்னு ஸ்டேஷன்ல புகார் குடுக்கறதா இருந்தா சொல்லுங்க, மனுவ நானே அடிச்சித் தரேன்.”