கலந்து வைத்த கடல்

மீன் தொட்டியில் விரிசல் விழுந்தபோது அவன் பதறவில்லை. தன் கடல் மீன்களுக்காக உப்பைக் கரைத்து, ஒரு டிரம் தண்ணீரை எப்போதும் மூடி வைத்திருப்பான். "வீட்டுக்குள்ள கடலையே அடைச்சு வெச்சிருக்காரு" என்று மனைவி நொடித்துக்கொள்வாள். இன்று அந்த டிரம்தான் கைகொடுத்தது. மீன்களை அள்ளி அதில் விட்டான். காற்றுக் குழாயையும் போட்டான்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

கொஞ்ச நேரத்தில் வெளியூர் போயிருந்த மனைவி போனில் பதறினாள். "அங்க கரண்ட் இல்லையாமே! பேட்டரியை மாட்டினீங்களா?"

"உடனே மாட்டிட்டேன்."

"மூச்சு சீரா இருக்கா?"

"அருமையா இருக்கு. பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டிருக்கேன்."

"உங்களைக் கல்லு மனசுன்னு நெனச்சுட்டேங்க. அப்பாகிட்ட போனைக் குடுங்களேன்."

"தூங்கறாரு."

போனை வைத்துவிட்டு டிரம்முக்குள் எட்டிப் பார்த்தான். குமிழிகளுக்கு நடுவே மீன்கள் சுகமாக நீந்தின. மாமனாரின் ஆக்சிஜன் மெஷினிலிருந்து பிடுங்கி வந்த பேட்டரி நன்றாகவே வேலை செய்தது.

அடுத்த அறையில் அவர் கட்டிலைத் தட்டிக்கொண்டிருந்த சத்தம் அப்போதே நின்றுவிட்டிருந்தது.