கோணல் துளை

கடையில் வாங்கிவந்த சர்க்யூட் போர்டை மகள் மேசையில் வைத்தாள்.

"எங்க கம்பெனி டிசைனை எவனோ காப்பி அடிச்சிருக்கான்மா. யாருன்னு கண்டுபிடிச்சாதான் என் வேலை நிரந்தரமாம்."

"காப்பின்னு எப்படித் தெரியும்?"

"இந்த ஓரத்துத் துளை கோணலா இருக்கு பாரு. எங்க போர்டுலயும் அப்படித்தான். சூடு குறையறதுக்காக எங்க சீஃப் இன்ஜினியர் யோசிச்சு வச்ச ரகசியமாம். வரைஞ்ச டிசைனையெல்லாம் உன்னை மாதிரி இணையத்துல சும்மா குடுக்கிற ஆளா அவர்?"

அம்மா அலமாரியிலிருந்து பழைய போர்டு ஒன்றை எடுத்து வந்தாள். அதிலும் அதே துளை கோணலாக இருந்தது.

"இதை வரையறப்ப நீ என் மடியில இருந்தே. கையைத் தட்டிவிட்டே. திருத்தாமலே இணையத்துல ஊருக்குக் குடுத்துட்டேன்."

மகள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "இப்ப சீஃப்கிட்ட என்னம்மா சொல்றது?"

"கண்டுபிடிச்சாச்சுன்னு சொல்லு. வேலை நிரந்தரமாகுதான்னு பார்ப்போம்."