சத்தத்துக்கு நான் பொறுப்பு

படம் ஓடத் தொடங்கியதும் ஏழாம் வகுப்பு அப்படியே அடங்கிப்போனது.

மேசையோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்ற தங்கதுரை வாத்தியாருக்குப் பெருமை தாங்கவில்லை. கல்வராயன் மலைக்கு மாற்றலாகி வந்த நாளிலிருந்து ஒரு வகுப்பு இத்தனை நேரம் வாயை மூடிக்கொண்டு அவர் பாடத்தைக் கவனித்ததில்லை.

திரையில், மேளத்தோலின் மேல் பரப்பிய சாமை துள்ளிக்கொண்டிருந்தது. ஓரத்தில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் செந்தமிழ்ச்செல்வி டீச்சர் சைகையில் விளக்கிக்கொண்டிருந்தார். பாடம், ஒலி.

பிறவியிலேயே காது கேட்காத இருசம்மாளுக்கு ஒலியைப் பற்றி நடத்த வேண்டும். அதே பாடம் மற்ற பிள்ளைகளுக்கும் போய்ச் சேர வேண்டும். வாரத்துக்கு ஒருநாள் கள்ளக்குறிச்சியிலிருந்து மலையேறி வரும் சிறப்பாசிரியர் செல்வியும் தங்கதுரையும் மண்டையை உடைத்துக்கொண்டு சேர்ந்து செய்த படம் அது. சைகை அந்த அம்மாவுடையது, குரல் இவருடையது.

கீழே எழுத்தும் ஓடட்டும் என்று செல்வி சொல்லத்தான் செய்தார். எழுத்தையும் போட்டுவிட்டால் என் குரலை எவன் கேட்பான் என்று தங்கதுரை மறுத்துவிட்டார். போதாக்குறைக்கு, “சத்தத்துக்கு நான் பொறுப்பு மேடம்” என்று மார்தட்டியும் இருந்தார். வீறாப்பில் தன்னை அடித்துக்கொள்ள இந்த மலையில் ஆள் இல்லை என்பது அவருக்கே தெரியும்.

இந்தப் பாடத்துக்காகச் சைகை மொழிகூடக் கற்றுக்கொண்டார். இந்த வயதில் இவ்வளவு வேகமா என்று செல்வி வியந்தபோது, எல்லாம் இருசம்மாளுக்காகத்தான் என்று அடக்கமாகச் சொல்லிக்கொண்டார். வாய்க்கு வாய் சொல்லிப் பிள்ளைகளைத் திட்டும் ‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ பழமொழியையும் அவளுக்காகவே விட்டுவிட்டதாகச் சொன்னார்.

இருசம்மாளின் அப்பா பச்சமுத்து இன்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். குடும்பத்தோடு கேரளாவுக்கு மிளகுத் தோட்ட வேலைக்குக் கிளம்புகிறார். மகளுக்குப் படிப்பு ஏறுகிறது என்று கண்ணால் பார்த்தால் விடுதியில் விட்டுவிட்டுப் போவார். இல்லையென்றால் நாளைக்கே கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

செல்வி வரும் பேருந்து இன்னும் மலையேறி வரவில்லை. அதற்காகக் காத்திருக்கும் ஆளா தங்கதுரை? தானே படத்தைப் போட்டுவிட்டார்.

திடீரென்று இருசம்மாள் சிரித்தாள்.

பிள்ளைகள் திரையை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்தவள் என்ன என்று தோளை இடித்துக் கேட்டாள். இருசம்மாள் அவள் கையைப் பிடித்து பெஞ்சின் மேல் வைத்து, மறுமுனையில் ஓங்கித் தட்டினாள். அவளும் சிரித்தாள். அப்புறம் ஆளுக்கு ஆள் கையை நீட்டினார்கள். இருசம்மாள் பெஞ்சு பெஞ்சாகப் போய்த் தட்டிக் காட்டினாள். போன வாரம்வரை சுவரோரம் ஒண்டிக் கிடந்த பெண்!

படம் அப்படி வேலை செய்கிறது என்று தங்கதுரை மீசையை முறுக்கிக்கொண்டார்.

பச்சமுத்து எழுந்து ஏதோ சொன்னார். அடர்ந்த மீசைக்கு உள்ளேயே சொன்னார். பாராட்டாகத்தான் இருக்கும் என்று தங்கதுரை, “சரிங்க, செஞ்சிடலாங்க” என்றார். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அது ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை.

அப்போது வாசலில் செல்வி வந்து நின்றார். மூச்சு வாங்கியது. தோள்பையைக்கூட இறக்கவில்லை.

“இன்னா சார் இது, சத்தமே இல்லாம படம் ஓடிக்கினு கீது! சுச்சே போடலியே!”

பச்சமுத்து சற்றுமுன் கேட்டதும் இதைத்தான். செல்வி விடுவிடுவென்று வந்து ஸ்பீக்கர் பெட்டியின் சுவிட்சைத் தட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. தன் குரல் எடுப்பாக இருக்கட்டும் என்று தங்கதுரை நேற்றே அதன் ஒலிக் குமிழைக் கடைசிவரை திருகி வைத்திருந்தார்.

வகுப்பு முழுக்கக் காதைப் பொத்திக்கொண்டது. பச்சமுத்து துள்ளி விழுந்தார். ஜன்னலில் இருந்த காக்கை பறந்தது.

இருசம்மாள் அசையவில்லை. தங்கதுரையும் அசையவில்லை.

சுவருக்கு அந்தப்புறம் யாரோ முனகுவது போல அவருக்கு ஏதோ எட்டியது. அவ்வளவுதான்.

செல்வி ஒலியைக் குறைத்துவிட்டு அவரையே பார்த்தார். பிறகு வாயைத் திறக்காமல் கையால் கேட்டார். எப்போதிலிருந்து?

இரண்டு வருஷம் என்று தங்கதுரையின் விரல்கள் சொல்லிவிட்டன. வெட்கம் பிடுங்கித் தின்றது. கூடவே, தலைச்சுமையை யாரோ கைகொடுத்து இறக்கிவிட்டது போலவும் இருந்தது.

பச்சமுத்து பக்கத்தில் வந்து, அவர் முகத்துக்கு நேராக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். “பொண்ணு இங்கியே இருக்கட்டும் சார். எல்லாத்துக்கும் அதுதான பாடம் நடத்திச்சு.”

இந்த முறை தங்கதுரைக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது.

இருசம்மாள் எழுந்து வந்தாள். ரொம்ப நாளாகத் தெரிந்த விஷயம்தானே என்கிற முகம். அவர் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையை ஸ்பீக்கர் பெட்டியின் மேல் வைத்து அழுத்தினாள்.

கைக்குள் தங்கதுரையின் குரல் அதிர்ந்தது. எடுப்பான குரல்தான்.