சூடம் அணைத்த சமாதானம்

"உன் வாயைத் திறந்தா சாக்கடை மூடியைத் திறந்த மாதிரி இருக்கேடி!"

"உன் குழம்பைத் தின்னுட்டுத்தான் நம்ம தெரு நாய் லோதி ரோடுக்குக் குடி போயிடுச்சு! பேச வந்துட்டா!"

வடக்கே, தலைநகரின் கிட்வாய் நகரை ஒட்டி, தமிழர் குடிசைகள் நிறைந்த மதராசி பஸ்தியில் தண்ணீர் டாங்கர் வந்து நின்றால், கூடவே இதுவும் வந்துவிடும். முதல் குரல் அஞ்சலை. விழுப்புரத்துக்காரி, இட்லிக் கடை. இரண்டாவது உஷாராணி, சேலத்துக்காரி, நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள்.

டாங்கர் டிரைவர் சத்பீர் வண்டிப் படியில் உட்கார்ந்து, ஒரு வார்த்தையும் புரியாமலே தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

பார்த்துக்கொண்டிருந்த அனந்தலக்ஷ்மிக்கு உடம்பே கூசியது. அதிகாரியின் மனைவி, கான்வென்ட் படிப்பு, காலனித் தமிழ் மகளிர் சங்கத்தின் செயலாளர். பஸ்தியில் 'கம்யூனிட்டி பில்டிங்', அதாவது ஒற்றுமை வளர்ப்பு, செய்வதென்று சங்கம் தீர்மானம் போட்டிருந்தது. எங்கே ஆரம்பிப்பது என்ற கவலை அவளுக்கு அந்த நிமிடமே தீர்ந்தது.

"ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கறோம். நம்மளவாளே நம்மளவாளை இப்படித் திட்டினா மத்தவா என்ன நினைப்பா? அந்த டிரைவர் சிரிக்கறான் பாரு!"

"சிரிக்கட்டும் மாமி," என்றாள் உஷாராணி.

"சிரிக்கட்டுமா? டிஸ்கஸ்டிங்!"

ஞாயிற்றுக்கிழமை பஸ்தி முனை மாரியம்மன் முன்னால் கூட்டம். பேனர், சமோசா, போட்டோகிராபர் எல்லாம் உண்டு. தட்டில் சூடம் எரிந்தது.

"ரெண்டு பேரும் சூடத்தை அணைச்சு சத்தியம் பண்ணுங்கோ. இனிமே ஒருத்தியை ஒருத்தி திட்ட மாட்டோம்னு."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"மாமி, சத்தியம் மட்டும் வேண்டாம்," என்றாள் அஞ்சலை. "அது என்னன்னா..."

"என்னன்னாவும் வேண்டாம், ஏதுன்னாவும் வேண்டாம். ஜல்தி!"

"தனியா ஒரு வார்த்தை..."

"சண்டை மட்டும் நடுத்தெருவிலே, பேச்சு மட்டும் தனியாவா? அணை, அணை!"

இரண்டு உள்ளங்கைகள் சூடத்தை அணைத்தன. கைதட்டல். போட்டோவுக்காக இருவரையும் கட்டிப்பிடிக்கவும் வைத்தாள் அனந்தலக்ஷ்மி.

மறுநாள் காலை, தான் நட்ட சமாதானச் செடி பூத்திருக்கிறதா என்று பார்க்க வந்தாள். டாங்கர் வந்தது. சத்தமே இல்லை.

"நீங்க பிடிங்கக்கா," என்றாள் அஞ்சலை.

"பரவால்ல, நீங்க முதல்ல," என்றாள் உஷாராணி.

அனந்தலக்ஷ்மிக்குக் கண் பனித்தது.

சத்பீர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். ஆவலாகப் பார்த்தான். பிறகு கொட்டாவி விட்டான். எழுந்தான், குழாயை மூடினான், பைப்பைச் சுருட்டினான், போயே போய்விட்டான்.

கடைசி வரிசைக் குடங்கள் காய்ந்து கிடந்தன.

"ஏய், வண்டியிலே இன்னும் தண்ணி தளும்பறதே! ஏன் போறான்?"

மனைவி பிரசவித்துப் படுத்திருக்க, துணி அலசக் காத்திருந்த ஜெயசீலன் காலிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். கட்டட வேலையில் காலைப் பறிகொடுத்த பச்சைமுத்து ஊன்றுகோலோடு குனிந்து தன் கேனுக்குள் எட்டிப் பார்த்தார். வரிசையில் முட்டி மோத முடியாதவர்களின் குடம்தான் எப்போதும் கடைசியில் இருக்கும்.

"அவன் பழக்கமே இதுதான் மாமி," என்றாள் அஞ்சலை. "பாதியிலே மூடிட்டு, மீதியை எங்கேயோ வித்துடுவான். எழுதிக் குடுத்தும் பார்த்தோம், ஒண்ணும் நடக்கல. ஒரு நாள் நானும் இவளும் நிஜமாவே அடிச்சுக்கிட்டோம். வேடிக்கை பார்த்த ஜோர்ல குழாயை மூட மறந்துட்டான். வண்டி காலி. கடைசிக் குடம் வரைக்கும் ரொம்பிடுச்சு."

"அப்போ தினமும் போடற சண்டை..."

"சாயங்காலம் உக்காந்து மறுநாளைக்கு யோசிச்சு வெப்போம்," என்றாள் உஷாராணி, கொஞ்சம் பெருமையாக. "அந்தச் சாக்கடை மூடி, நான் இவளுக்கு எடுத்துக் குடுத்தது."

"என்கிட்டே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"எங்கே மாமி சொல்ல விட்டீங்க?"

அனந்தலக்ஷ்மி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரி. போனது போகட்டும். நாளைலேருந்து பழையபடி சண்டை போடுங்கோ."

"ஐயையோ! அம்மன் முன்னால சூடம் அணைச்சாச்சே!" இருவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

காலிக் குடங்களை மூன்று பேரும் பார்த்தார்கள். உஷாராணி அஞ்சலையின் காதில் ஏதோ சொன்னாள். அஞ்சலை வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மாமி, ஒருத்தியை ஒருத்திதானே திட்டக் கூடாது?" என்று இழுத்தாள் உஷாராணி. "உங்களைப் பத்தி நாங்க எந்தச் சத்தியமும் பண்ணலியே."

மறுநாள் டாங்கர் வந்தது.

"வந்துட்டாய்யா நாட்டாமை! மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஊரான் வீட்டுக் குடத்தை எண்ண!" என்று ஆரம்பித்தாள் அஞ்சலை.

"ஒரு சமோசாவை ரெண்டாப் பிச்சு ரெண்டு பேருக்குக் குடுத்த மகராசியாச்சே!" என்றாள் உஷாராணி.

அது உண்மை. அதனால் உறைத்தது. "ஹவ் டேர் யூ!" என்று நிஜமாகவே கத்தினாள் அனந்தலக்ஷ்மி. இங்கிலீஷில் சண்டை பார்த்தறியாத சத்பீர் படியில் சம்மணமே போட்டுவிட்டான்.

மாமியின் முகம் சிவந்ததைப் பார்த்து உஷாராணிக்குப் பாவமாகிவிட்டது. குரலைத் தணித்தாள்.

அனந்தலக்ஷ்மி அவள் தோளுக்கு மேலாகத் தெருக்கோடியைப் பார்த்தாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள்:

"நிறுத்தாதேடி! என் இங்கிலீஷைக் கேலி பண்ணு. ஜெயசீலன் குடம் இன்னும் நிறையலை."