வாசல் கள்ளி

2024 நவம்பர் 18. கோவில்பட்டியில் சுடலையம்மாள் கட்டிய புது வீட்டின் வாசல் கள்ளியில் பூஞ்சை பிடித்தது.

அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் விளாத்திகுளத்துக்கு, மகள் வீட்டுக்குப் போனார். மாமியார் வாயால் ஒரு பாராட்டு வாங்கத் தவித்த புது மருமகள் ஆனந்தி, அழுகலைச் சுரண்டி எடுத்தாள். அண்ணனின் தீப்பெட்டி ஆபீஸிலிருந்து கந்தகத் தூள் வாங்கித் தடவினாள். தண்ணீரை நிறுத்தினாள். கள்ளி பச்சைப்பசேலென்று நிமிர்ந்தது.

ஊர் திரும்பிய சுடலையம்மாள், எதிர்வீட்டுப் பேபியின் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

"நீயே பாருட்டி, எம்புட்டு அழுகியிருக்குன்னு..."

கள்ளியைக் கண்டதும் அலறினார். "ஏட்டி ஆனந்தி! இதை என்ன செஞ்ச?"

"பூஞ்சையைக் குணமாக்கிட்டேன் அத்தே."

"பாவி! திருஷ்டிக்கு வச்ச கள்ளிட்டி அது! ஊர்க் கண்ணு பட்டு அழுகுதுன்னு விளாத்திகுளம் வரைக்கும் சொல்லிட்டு வந்திருக்கேன்!"

பேபி சிரித்தாள். "எங்க வீட்டுக் கள்ளி வேரோட அழுகிட்டு மதினி. உங்க வீட்டை ஒருத்தரும் ஏறிட்டுப் பாக்கலையோ?"

மறுநாளிலிருந்து ஆனந்தி யாருக்கும் தெரியாமல் கள்ளிக்கு இருவேளையும் தண்ணீர் ஊற்றினாள்.

தை பிறப்பதற்குள் கள்ளி முழுதாக அழுகியது.

"இப்படியொரு மருமவளான்னு ஊரே கண்ணு வச்சுட்டு!" என்று சுடலையம்மாள் தெருவெல்லாம் சொன்னார்.

ஆனந்திக்குப் பாராட்டு கிடைத்தது.