பிச்சைமுத்துவின் கிதார் பெட்டி

“யாரு சட்டைடி இது, என் கொடியில?”

ராமதாஸ் கிராணி அந்த ஈரச் சட்டையை இரண்டு விரலால் எடுத்து, செத்த எலியைப் போடுவதுபோல மண்ணில் போட்டார். பக்கத்து வீட்டு ருக்குமணி ஓடி வந்து பொறுக்கினாள்.

“எங்க வீட்டுக்காரரோடதுங்கய்யா. எங்க கயிறு அறுந்து போச்சு. உங்க துணியெல்லாம் டோபிக்குப் போயிருது, கம்பி சும்மாத்தானே கெடக்குன்னு...”

“சும்மா கெடந்தா ஃபிட்டர் சட்டை காயப் போடணுமா? இன்னொரு தடவ இதத் தொட்டே, கைய ஒடிச்சிருவேன்!”

மாமரத்திலிருந்து தம் சன்னல்வரை இழுத்துக் கட்டியிருந்த கம்பியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் மனிதர் உள்ளே போனார். ஜப்பான்காரன் பினாங்குக்கு வந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அவர் கணக்கு எழுதிய வெள்ளைக்காரன் ஆபீஸும் போயிற்று, அரிசியும் போயிற்று. கிராணியின் கொழுப்பு மட்டும் மரவள்ளிக்கிழங்கு தின்றும் குறையவில்லை.

ருக்குமணியின் புருஷன் ஃபிட்டர் பிச்சைமுத்து வீட்டுக்குள் தரையில் உட்கார்ந்து ஈயம் உருக்கிக் கம்பிகளைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். ஒரு சோப்புப் பெட்டி, இரண்டு பழைய வால்வு, கிழிந்து ஒட்டிய ஒரு ஸ்பீக்கர், டெலிபோன் ரிசீவரிலிருந்து கழற்றிய ஒரு காந்தச் சுருள். இவ்வளவுதான் சாமான்.

கேளிக்கைப் பூங்கா மேடையில் ராத்திரி அவன் கிதார் வாசிப்பது மூன்றாம் வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை. சனிக்கிழமைக்குள் கேட்க வைக்காவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். சம்பளத்தை அவர் அரிசியாகக் கொடுத்துவந்ததால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

மாலையில் ராமதாஸ் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

“என்னடா, ரேடியோவா?”

“இல்லீங்கய்யா. கிதார் சத்தத்தப் பெருசாக்குற பெட்டி.” பிச்சைமுத்து ஆசையாக விசையைத் தட்டிக் காட்டினான். பெட்டி ‘ங்ங்ங்’ என்று முனகியது.

“கொசு இதவிட நல்லாப் பாடும்லா! ஏபிசிடி தெரியாதவனுக்கு எஞ்சினியர் வேல!” சிரித்துக்கொண்டே போனவர், வாசற்படி தாண்டியதும் திரும்பி ஒருமுறை அந்தப் பெட்டியைப் பார்த்தார்.

அந்த வாரம் சந்தில் வீட்டுக்கு வீடு சோதனை நடந்துகொண்டிருந்தது. யாரோ ரேடியோவை ஒளித்து வைத்து லண்டன் செய்தி கேட்கிறார்கள் என்று ஜப்பான் மிலிட்டரி போலீசுக்குத் துப்பு கிடைத்திருந்தது. அகப்பட்டால் தலை மிஞ்சாது. எதிர்வரிசை முழுவதும் முடிந்து, இந்த வரிசைதான் பாக்கி.

மறுநாள் காலை அவர்களுக்கு அந்தச் சிரமத்தை வைக்காமல் ராமதாஸே போய்க் கூட்டி வந்துவிட்டார்.

“இவன்தான், துவான்! அதோ பெட்டி!” என்று ஜப்பான் அதிகாரியைக் கும்பிட்டுக் காட்டினார்.

மொழிபெயர்ப்பாளர் ஹபீப் முகம்மது அதை ஜப்பான் பாஷையில் சொல்லி முடிப்பதற்குள் பிச்சைமுத்துவுக்குக் கன்னத்தில் விழுந்தது. முட்டி போட வைத்துத் துப்பாக்கியை முதுகில் ஊன்றினார்கள். ருக்குமணி ராமதாஸின் காலைப் பிடித்துக்கொண்டு அலறினாள்.

“ஐயா, கிதாருக்குன்னு சொல்லுங்கய்யா! நேத்து உங்க கண்ணால பாத்தீங்களே!”

அவர் காலை உதறினார். இரண்டு சிப்பாய்கள் பானை சட்டி வரைக்கும் கவிழ்த்துப் பார்த்தார்கள். வேறொன்றும் அகப்படவில்லை. கண்ணாடி போட்ட அதிகாரி ராமதாஸிடம் ஏதோ கேட்டார்.

“ரேடியோதான்னு எப்படித் தெரியும்னு கேக்குறாரு” என்றார் ஹபீப்.

“எப்படியா? காதால கேட்டேன்! முந்தாநாள் சாயங்காலம் ஏழு மணிக்கு, லண்டன் நியூஸ். நேப்பிள்ஸ் பட்டணத்துக்குள்ள பிரிட்டிஷ் பட்டாளம் நொழஞ்சிருச்சாம். இந்தத் தற்குறிக்கு என்னா வெளங்கும்? இங்கிலீஷ் படிச்ச எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் வெளங்கிச்சுலா!”

அதோடு விட்டிருக்கலாம். வெட்கம் கெட்ட மனிதர், தொண்டையைக் கனைத்துக்கொண்டு, செய்தி வாசிப்பவன் குரலிலேயே இரண்டு வாக்கியம் ஒப்பித்தும் காட்டினார்.

“இந்தப் பெட்டியிலதானா?”

“இதே பெட்டிதான். சத்தியமா!”

அதிகாரி பட்டாளத்துக்கு வருமுன் ரேடியோ பழுது பார்த்தவர். குந்தி உட்கார்ந்து, பெட்டியின் பின்பலகையைத் தாமே கழற்றினார். ஒவ்வொரு கம்பியாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போனார். பிச்சைமுத்து கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

பிறகு விசையைத் தட்டினார். ‘ங்ங்ங்’ என்றது. மூலையில் கிடந்த கிதாரை எடுத்து, அதன் ஒயரைப் பெட்டியில் மாட்டி, ஒரு தந்தியைச் சுண்டினார். சின்ன அறை முழுக்கக் கணீரென்று கேட்டது. அவருக்கே அது பிடித்துவிட்டதுபோல இன்னொரு முறை சுண்டினார்.

எழுந்து பின்வாசல் வழியாக வெளியே பார்த்தார். மாமரத்திலிருந்து ராமதாஸின் சன்னல்வரை போன கம்பியைக் கண்ணாலேயே தொடர்ந்தார்; அதில் ஒரு துணியும் இல்லை. சிப்பாய்களிடம் ஏதோ சுருக்கமாகச் சொன்னார்.

பிச்சைமுத்துவின் முதுகிலிருந்து துப்பாக்கி விலகியது. சிப்பாய்கள் வந்து ராமதாஸுக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். வெகுமதி கொடுக்க அழைத்துப் போகிறார்கள் என்று நினைத்து, அந்த மனிதர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

ஹபீப் முகம்மது அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“இது கிதார் பெட்டிதானாம். லண்டன் இல்ல, பக்கத்துத் தெரு ஸ்டேஷனக்கூட இது பிடிக்காதாம்.”

“அப்ப...”

“அப்ப அந்த நியூஸ நீ எதுல கேட்டேன்னு துவான் கேக்குறாரு.”