முதலில் வந்தவன்

பகுதிநேரப் படைவீரர்களைப் போனில் அழைப்பது ஹவில்தார் அருளப்பனின் வேலை. மறுநாள் காலைக்குள் எண்பது பேர் வந்து சேர வேண்டும். ரொட்டிக்கடை வைத்திருந்த சிங்கமுத்து, "இதோ கிளம்பிட்டேன் சார்" என்றான். சற்று நேரத்தில் அவன் மனைவி ரகசியமாக அழைத்தாள்.

"ரெண்டு மாசமா அவருக்குக் கண்ணு சரியாத் தெரியல சார். சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கார். எப்படியாவது திருப்பி அனுப்பிடுங்க."

சிங்கமுத்துதான் முதல் ஆளாக வந்து நின்றான். பூட்ஸ் பளபளத்தது. அருளப்பன் அதிகாரியிடம் ஓடிப்போய்ச் சொன்னார்.

"ஏற்கெனவே ஆள் குறையுது. வந்தவங்களை ஏத்துங்க" என்றார் அதிகாரி, தலை நிமிராமல்.

சிங்கமுத்துவின் கால் லாரியின் படியைத் தேடி இருமுறை காற்றை மிதித்தது. அருளப்பன் குனிந்து, அந்தக் காலைப் பிடித்துப் படியில் வைத்தார்.

"ரொம்ப நன்றி தம்பி" என்றான் சிங்கமுத்து, ஹவில்தாரின் முகத்தை நேராகப் பார்த்து.